கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி

என் கைகள் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். பிசியோதெரபி பார்க்கிறவனுக்கு அது பெரிய வசதி. சில்லென்ற கையை வைத்தால் தசை தானாக இறுகிக்கொள்ளும், அப்புறம் அதைத் தளர்த்தவே கால் மணி நேரம் போய்விடும். என் மேசையில் படுத்த எந்த ஆட்டக்காரனும் இதுவரை உதறிக்கொண்டு எழுந்ததில்லை. பதினான்கு வருஷமாக இதே கிரிக்கெட் அணியில் இருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் விசாரணையை முடித்து 'எதிர்பாராத விபத்து' என்று எழுதிக் கோப்பைக் கட்டிவிட்டீர்கள் என்று தெரியும். யாரும் என்னைத் தேடி வரவில்லை. நானாகத்தான் வந்தேன். நேற்று உங்கள் அறையில் நான் சொல்ல ஆரம்பித்ததுமே, "எழுதிக் கொடுங்க, ஒண்ணு விடாம எழுதுங்க" என்றீர்கள். விளையாட்டைப் பற்றி உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது என்றும் சொன்னீர்கள். அது ரொம்ப நல்லது. தெரியாதவர்களுக்கு விளக்கிவிடலாம். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறவர்களோடுதான் என் பாடு.

ஃபேண்டஸி லீக் என்பது இதுதான். போனில் ஒரு செயலி. அதில் நிஜமான ஆட்டக்காரர்கள் எல்லோருடைய பெயரும் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பு. கெட்டிக்காரனுக்குப் பத்து, சுமாரானவனுக்கு ஏழு. உங்களுக்கு நூறு கொடுப்பார்கள். அதற்குள் பதினோரு பேரைப் பொறுக்கி ஒரு அணி செய்துகொள்ள வேண்டும். பிறகு மைதானத்தில் அவர்கள் எடுக்கும் ஓட்டம், விக்கெட், பிடிக்கும் கேட்ச் எல்லாம் உங்களுக்குப் புள்ளியாக வந்து விழும். ஒருவனைக் கேப்டன் என்று குறித்தால் அவன் புள்ளி மட்டும் இரட்டிப்பாகும். ஆளை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சீசன் முழுவதற்கும் இருபது மாற்றம்தான். கேப்டனை மாற்றினால் அதுவும் ஒரு மாற்றமாகக் கழியும்.

ஜனங்கள் இதில் என்ன சுகத்தைக் கண்டார்கள் என்று கேட்பீர்கள். நானும் வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்தச் சுகம்தான். வெயிலில் ஓடுகிறவன் ஒருவன், இடுப்பு பிடித்துக்கொள்கிறவன் ஒருவன், நகம் பிய்ந்து ரத்தம் வழிய வந்து நிற்கிறவன் ஒருவன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு "நம்ம பையன் இன்னிக்கு நாலு விக்கெட்" என்று சொல்லிக்கொள்கிறவன் வேறொருவன். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிற ஆசாமி, "அவனை இந்த வாரம் உக்கார வெச்சிட்டேன்" என்பான். வீட்டில் அவன் சொன்னால் பூனைகூட உட்காராது. வெறும் கட்டைவிரலால் இன்னொருவனை எழுப்பவும் உட்கார்த்தவும் முடிகிறது என்கிற நினைப்பு இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தக் கூத்து.

எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அணியில் வேலை பார்க்கிறவர்கள் இதில் சேரக் கூடாது என்று வருஷா வருஷம் கையெழுத்து வாங்குவார்கள். நானும் போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். என் சகலைதான் இழுத்துவிட்டார்.

சகலை என் மனைவியின் அக்கா புருஷர். குளியலறை ஓடு விற்கும் கடையில் மேலாளர். பந்துக்கும் கொய்யாக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதவர் என்று சொன்னால் மிகை, ஆனால் கொஞ்சம்தான் மிகை. குடும்பத்துக்குள்ளேயே எட்டுப் பேரைச் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தார். மாமியார்கூட உண்டு. மாமியார் முகத்தைப் பார்த்து ஆள் எடுப்பார்: "இந்தப் பையன் முகத்துல ஒரு அடக்கம் தெரியுது." சகலை, புதிதாகக் கல்யாணமானவர்களாகப் பார்த்து எடுப்பார். அவர்கள்தான் ஊக்கமாக ஆடுவார்களாம். இந்த லட்சணத்தில் போன வருஷம் அவர்தான் முதல் இடம். குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த மாதிரி எட்டிக் குதித்தார், பிடித்தும்விட்டார்.

நான் கடைசி.

நினைத்துப் பாருங்கள். இவர்களில் ஒருவராவது ஒரு ஆட்டக்காரனைத் தொட்டுப் பார்த்ததுண்டா? எவன் தோள் எத்தனை ஓவர் தாங்கும், எவன் முட்டி ஏப்ரலோடு சரி என்று எனக்கு விரல்நுனியில் தெரியும். நான் உடம்பு பார்த்து எடுத்தேன். சதை சுத்தமாக, தூக்கம் ஒழுங்காக இருக்கிற பதினோரு பேர். பதினோரு பேரும் சொல்லிவைத்தாற்போல் வந்தார்கள், போனார்கள். சகலையின் புது மாப்பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள்.

கடைசி இடத்துக்கு ஒரு தண்டனை வைத்திருந்தார் சகலை. குடும்பம் கூடுகிற நாளில், தோற்றவன் நாற்காலி மேல் ஏறி நின்று, ஜெயித்தவரைப் பாராட்டி ஒரு வாழ்த்து மடல் வாசிக்க வேண்டும். மடலையும் அவரே எழுதியிருந்தார். இரண்டு பக்கம். நடுவில் என்னைப் பற்றியும் ஒரு வரி: 'தினமும் தொட்டுத் தடவிப் பார்த்தும் ஒன்றும் புரியாத அடியேன்.' வாசித்தேன். குரல்கூட நடுங்கவில்லை. மாமியார், "மாப்பிள்ளை பாவம், விடுங்க" என்றார். அது அதைவிட மோசம். என் மனைவி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள், அப்புறம் முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. சிரிப்பு உடம்புக்கு நல்லது.

இந்த வருஷமும் சேர்ந்தேன். ஒதுங்கினால் பயந்து ஓடிவிட்டான் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

ஆறாவது ஆட்டம் வரை நியாயமாகத்தான் ஆடினேன். அந்த வாரம் எங்கள் அணியின் வேகப்பந்து வீச்சாளனைச் சகலை தன் கேப்டனாக வைத்திருந்தார். கட்டையன் என்று கூப்பிடுவோம். அதற்கு முந்தின மாதம்தான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஆட்டத்துக்கு முந்தின நாள் அவன் என் மேசையில் குப்புறப் படுத்திருந்தான். தொடைத் தசை வெண்ணெய் மாதிரி இருந்தது. நான் பயிற்சியாளரிடம் போய், "பின்தொடை இறுக்கமா இருக்கு, ஒரு மேட்ச் ஓய்வு குடுத்துடலாம்" என்றேன். அவர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினான்கு வருஷத்து நம்பிக்கை. கட்டையன்தான் வாசலில் வந்து நின்றான். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே அண்ணா, நல்லாத்தான் இருக்கேன்" என்றான். "தெரியறப்போ ரொம்ப லேட்டாயிடும்" என்றேன்.

சகலைக்கு அன்று கேப்டன் கணக்கில் பூஜ்ஜியம். குழுவில் அழுகிற முகமாக ஏழு பொம்மை போட்டிருந்தார். எனக்கு அன்று நல்ல பசி எடுத்தது. கட்டையனுக்குப் பதிலாக இறங்கியவன் மூன்று விக்கெட் எடுத்து இடத்தைப் பிடித்துக்கொண்டான். கட்டையனுக்கு அப்புறம் இடம் கிடைக்கவில்லை. இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான் என்று கேள்வி. நிலையான வேலை, காயம்படுகிற பயமும் கிடையாது.

இதைச் சொல்வதற்குக் காரணம், ஒரு விஷயம் எனக்கு அன்றுதான் விளங்கியது. இவர்கள் எல்லாம் கட்டைவிரலால் உட்கார வைப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். நான் மெய்யாகவே உட்கார வைத்தேன். எட்டுப் பேரில் உண்மையாக அந்த ஆட்டத்தை ஆடியது நான் ஒருவன்தான்.

அதற்கப்புறம் மேலே ஏறினேன். எட்டிலிருந்து ஐந்து, மூன்று, இரண்டு. ஆனால் அவசரத்தில் ஒரு தப்பு செய்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். சகலையைத் துரத்துகிற வேகத்தில் ஆளை மாற்றி மாற்றி, இருபது மாற்றத்தையும் இறுதி ஆட்டத்துக்கு முன்பே தீர்த்துவிட்டேன். மாமியார்கூட நான்கு மிச்சம் வைத்திருந்தார். இறுதி ஆட்டத்தில் எங்கள் அணியும் இன்னொரு அணியும். ஆடுகிறவர்களில் என் கணக்கில் இருந்தது மூன்றே பேர். அதில் கேப்டன் எங்கள் தொடக்க ஆட்டக்காரன். நெட்டையன் என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வயது. அப்பா அம்மா இல்லாமல் அக்கா வளர்த்த பையன். அவன் இறங்காவிட்டால் எனக்கு எல்லாம் போச்சு. வேறு ஆளைக் கேப்டனாக்க வழியில்லை.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வலைப் பயிற்சியில் ஒரு பந்து எகிறி அவன் ஹெல்மெட்டில் பட்டது. காதுக்கு மேலே. விழவில்லை. இரண்டு அடி பக்கவாட்டில் நடந்து நின்றான், அவ்வளவுதான். தலையில் அடி பட்டால் பிசியோ சோதித்துப் பார்த்துப் படிவம் எழுத வேண்டும் என்பது விதி. தேறாவிட்டால் ஏழு நாள் ஓய்வு. அறைக்குக் கூட்டிப் போனேன். கதவைச் சாத்தினேன்.

ஐந்து வார்த்தை சொல்வோம். பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். கதவு, மிளகு, சட்டை, ஆறு, கண்ணாடி. அவன், "கதவு... சட்டை..." என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "கதவு" என்றான். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். மேசையைப் பிடித்துக்கொண்டான். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். டிசம்பர், நவம்பர் என்று ஆரம்பித்து, ஆகஸ்டில் நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தான். ட்யூப்லைட்டை அணைக்க முடியுமா என்று கேட்டான். அப்புறம் வாளியைக் கேட்டு வாந்தி எடுத்தான். நான் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து எழுதினேன். மற்ற கட்டங்களிலும் டிக் அடித்தேன். அந்தப் படிவத்தைத்தான் நீங்கள் விசாரணையில் பார்த்து, "ரொம்ப ஒழுங்கா எழுதியிருக்கீங்க" என்று பாராட்டினீர்கள்.

"ஆடலாமா அண்ணா?" என்று கேட்டான். அவனாகத்தான் கேட்டான். ஆடுகிற ஆசை அவனுக்கும் இருந்தது என்பதை நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

"சாப்பாடு ஒத்துக்கல, வேற ஒண்ணும் இல்ல" என்றேன். "வெளியில தலைவலின்னு மட்டும் சொல்லிடாதே. உன் இடத்துக்கு மூணு பேர் காத்துட்டு இருக்காங்க." தலையாட்டினான். ஆட்டும்போதே முகம் சுளித்தான். வலி மாத்திரை கொடுத்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

மறுநாள் காலை அவன் அக்கா எனக்கு போன் செய்தார். துணிக்கடையில் தையல் பிரிவில் வேலை, பின்னால் இயந்திரங்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. "சார், தம்பி நேத்துலேருந்து தூங்கிட்டே இருக்கான். எழுப்பினா எரிஞ்சு விழறான், அவன் அப்படி இல்லீங்க. நாளைக்கு ஆட விடலாமா? நீங்க வேணாம்னு சொன்னா நான் வீட்டுலேயே பிடிச்சு வெச்சுக்கறேன்" என்றார்.

அந்த அம்மாள் அவ்வளவு தெளிவாகக் கேட்டார். நானும் தெளிவாகத்தான் சொன்னேன். "பயப்படாதீங்கம்மா. ஃபைனல் டென்ஷன். நான் பக்கத்துலேயே இருப்பேன்." இருந்தேன். அந்த வாக்கை நான் மீறவில்லை.

மைதானத்துக்குள் எங்கள் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் எல்லாம் மனக்கணக்கு. எதிரணி ஆடி முடித்துவிட்டது. எங்கள் பக்கம் மூன்றாவது விக்கெட் விழுந்தபோது சகலையின் கடைசி ஆளும் வெளியே வந்துவிட்டான். எதிரணியில் அவருக்கு ஆள் கிடையாது, இனி ஒரு புள்ளியும் ஏறாது. என் கணக்கில் ஆடிக்கொண்டிருந்தது நெட்டையன் மட்டும். அவன் நாற்பத்தாறில் நின்றபோது நான் சகலைக்கு இருபத்துமூன்று புள்ளி பின்னால். ஒரு பவுண்டரி அடித்தால் நான்கு ஓட்டத்துக்கு நான்கு, பவுண்டரிக்கு ஒன்று, அரைச் சதத்துக்கு எட்டு, ஆகப் பதிமூன்று. கேப்டன் என்பதால் இருபத்தாறு. சின்னப் பிள்ளைக் கணக்கு. சகலையின் ஓட்டுக் கடையில் இதைவிடப் பெரிய கணக்கெல்லாம் போடுவார்கள்.

அப்போதுதான் அந்தப் பந்து எகிறியது. நல்ல உடம்போடு இருந்தால் அவன் குனிந்திருப்பான். அன்று பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். அதே பக்கம், காதுக்கு மேலே.

நான் ஓடினேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவன் கண்மணிகளில் ஒன்று மற்றதைவிடப் பெரிதாக இருந்தது. மண்டைக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், முதல் வருஷ மாணவனுக்கே தெரியும். மூன்று விரலைக் காட்டினேன். நான்கு என்றான். நடுவர் பக்கத்தில் இல்லை, தண்ணீர் கொண்டு வந்தவனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, பந்து ரெண்டா வருது. போயிடலாமா?" என்றான்.

"இன்னும் ஒரே ஒரு ஃபோர். அப்புறம் போயிடலாம்" என்றேன். ஹெல்மெட்டை நானே மாட்டி, வாரை இழுத்துவிட்டேன். நடுவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினேன்.

அடித்தான். மட்டையின் ஓரத்தில் பட்டுப் பின்பக்கமாகப் போய்க் கோட்டைத் தொட்டது. அழகான அடி என்று சொல்ல மாட்டேன், ஆனால் செயலிக்கு அழகு தெரியாது. கூட்டம் கை தட்டியது. அவன் மட்டையை உயர்த்தவில்லை. ஷூ லேஸ் கட்ட உட்காருகிறவன் மாதிரி மெதுவாக உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்வளவோ பாத்துக்கிட்டீங்க சார்" என்று அழுதார். உங்கள் விசாரணையிலும் அதையேதான் சொன்னார்.

நீங்கள் கேட்கப் போவதை நானே எழுதிவிடுகிறேன். முதல் அடியிலேயே அவன் மூளை கலங்கிவிட்டது எனக்குத் தெரியும். இரண்டாவது அடி பட்டால் உயிர் போகலாம் என்றும் தெரியும். படிவத்தில் பொய் எழுதினேன், அக்காவிடம் பொய் சொன்னேன், களத்தில் திரும்பவும் நிற்க வைத்தேன். அவனை நான்தான் கொன்றேன். இதில் பந்து வீசியவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் பையன் தூங்காமல் கிடக்கிறானாம், அவனுக்கு யாராவது சொல்லிவிடுங்கள்.

மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறேன் என்று நேற்று நீங்கள் நினைத்தீர்கள், முகத்தில் தெரிந்தது. எனக்குத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தீர்கள். விஷயம் வேறு. அடக்கம் முடிந்த மறுநாள் சகலை குடும்பக் குழுவில் ஒரு செய்தி போட்டார். 'இறந்த தம்பிக்கு மரியாதை செலுத்தும் விதமாக இந்த வருஷப் புள்ளிகள் ரத்து. இந்த முறை யாரும் ஜெயிக்கவில்லை. போன வருஷ வெற்றியாளரே தொடர்வார்.' போன வருஷ வெற்றியாளர் யார் என்று நான் திரும்பவும் சொல்ல வேண்டியதில்லை. கூப்பிய கை பொம்மைகள் வரிசையாக விழுந்தன. மாமியார் போட்டார். என் மனைவியும் போட்டாள். செயலியில் குழுவையே அழித்துவிட்டார்கள். மரியாதையாம். உயிரோடு இருந்தபோது அவனைத் தன் அணியில் எடுக்காத மனுஷருக்குச் செத்தபிறகு மரியாதை பொங்குகிறது.

நான் யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டில் பேச்செடுத்தேன். "இந்த நேரத்துல உங்களுக்கு இதுவா முக்கியம்?" என்றாள். எனக்கு இது முக்கியமில்லை, முறை என்று ஒன்று இருக்கிறது என்பதற்காகத்தான் சொல்கிறேன். நீங்கள் எழுதினால் அது அரசாங்க ஆவணம், யாராலும் அழிக்க முடியாது. கொலைக்குக் காரணம் என்ன என்று ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும் உங்களுக்கு. அழிப்பதற்கு முன் நான் எடுத்து வைத்த புள்ளிப் பட்டியலின் படத்தை இதோடு இணைத்திருக்கிறேன். நீதிமன்றத்தில் வாசிக்கிற அன்று குடும்பத்தில் எல்லோரும் வருவார்கள், சகலையும் வருவார். தண்டனையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, கொடுப்பதைக் கொடுங்கள். வித்தியாசம் மூன்று புள்ளி மேடம், ஜெயித்தது நான். எண்ணிலும் எழுத்திலும் எழுதிவிடுங்கள்.